வெட்டி எறியப்படும் வினாடிகள்

2021 டிசம்பர் 23 அன்று யூடியூபில் ஒரு காணொலி வெளியானது. 'என் விமானத்தை நொறுக்கிவிட்டேன்' என்று பொருள்படும் தலைப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாம்போக் நகர விமான நிலையத்திலிருந்து 1940-ஆம் ஆண்டு தயாரிப்பான ஒரு சிறிய டெய்லர்கிராஃப்ட் விமானம் புறப்படுகிறது. மலைக்காட்டின் மேல் பறக்கும்போது என்ஜின் நின்றுவிட்டதாக விமானி கூறுகிறார். கதவைத் திறந்து, கையில் கேமராவுடன் பாராசூட்டில் குதிக்கிறார். ஆளில்லா விமானம் தடுமாறிக் கீழே சென்று மோதும் காட்சியை, அந்த விமானத்திலேயே பொருத்தப்பட்டிருந்த கேமராக்கள் காட்டுகின்றன. விமானியின் பெயர் ட்ரெவர் ஜேக்கப். 2014 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் அமெரிக்காவின் சார்பில் கலந்துகொண்டவர்.

உயிர் பிழைத்த கதை என்று பலர் நெகிழ்ந்தபோது, விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் வேறு கேள்விகளைக் கேட்டார்கள். சிறு விமானத்தில் பாராசூட் அணிந்து பறப்பது வழக்கமில்லையே? என்ஜின் நின்றதும் ஏன் அதை மீண்டும் இயக்கிப் பார்க்கவில்லை? 2022 ஏப்ரலில் அவருடைய உரிமத்தை ரத்து செய்த அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, அதே கேள்விகளைத் தன் கடிதத்தில் வரிசைப்படுத்தியது. கட்டுப்பாட்டு அறையைத் தொடர்புகொள்ள அவர் முயலவில்லை. சறுக்கிச் சென்று இறங்கக்கூடிய இடங்கள் இருந்தும் தேடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ஜின் நின்றதாகச் சொல்லப்பட்ட நேரத்துக்கு முன்பே இடப்பக்கக் கதவைத் திறந்திருந்தார். இந்தத் தடயம் அவரே தொகுத்து வெளியிட்ட காணொலியில் இருந்தது.

பின்னர் நடந்தது இன்னும் மோசம். விபத்தின் சிதைவுகளைப் பாதுகாப்பது அவர் பொறுப்பு என்று புலனாய்வாளர்கள் தெரிவித்திருந்தனர். அவை கிடக்கும் இடம் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஹெலிகாப்டரில் சென்று சிதைவுகளைத் தூக்கி வந்து, துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத்தொட்டிகளில் போட்டார். பணப்பை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்காக எடுத்த காணொலி அது என்பதையும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2023 டிசம்பரில் அவருக்கு 6 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணையைத் தடுக்கும் நோக்கில் சான்றை அழித்தார் என்பதே குற்றம்.

இந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் புகழ்ப்பசியைச் சாடுவதோடு நின்றுவிட்டன. ஜேக்கப் போன்றவர்கள் அபூர்வம். அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, அது செயல்பட்டும் விட்டது. கவலைக்குரியது அவரல்ல. வார இறுதியில் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு சிறு விமானத்தை எடுத்துப் பறந்து, இரவில் வீட்டுக் கணினி முன் அமர்ந்து அந்தப் பயணத்தை நேர்மையாகவே தொகுக்கும் சாதாரண விமானியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அந்தப் பணி எப்படி நடக்கிறது? உள்ளங்கையில் அடங்கும் கேமராக்களில் ஒன்று விமானியின் முகத்தை நோக்கியிருக்கும். ஒன்று கருவிப் பலகையையும் முன்கண்ணாடியையும் பார்க்கும். மற்றொன்று இறக்கையின் கீழ் இருக்கும். விமானியின் தலைப்பேசியிலிருந்து ஒரு கம்பி வழியே வானொலி உரையாடலும் பதிவாகும். 2 மணி நேரப் பயணம், 3 கேமராக்களில் 6 மணி நேரப் பதிவாகிறது. அதைப் பார்க்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. பணம் செலுத்தாமலே கிடைக்கும் தரமான தொகுப்பு மென்பொருள்கள் இன்று உண்டு. அவற்றில் ஒலியையும் காட்சியையும் பொருத்தி, இசை சேர்த்து, 12 நிமிடங்களாகச் சுருக்குகிறார்கள். சுழலும் காற்றாடி திரையில் வளைந்து நெளிந்து தெரியாமலிருக்கக் கேமராவின் முன் கருங்கண்ணாடி பொருத்துவது வரை இதில் நுணுக்கங்கள் ஏராளம். ஈடுபாட்டோடு செய்யும் எந்தக் கலையையும் போல இதுவும் மதிக்கத்தக்கதே.

ஆனால், 6 மணி நேரத்தில் எது போகிறது, எது எஞ்சுகிறது? முதலில் போவது சலிப்பு. நேராகப் பறந்த முக்கால் மணி நேரம் 10 வினாடிகளாகிறது. அடுத்து, கட்டுப்பாட்டாளர் இருமுறை சொல்லியும் சரியாகத் திரும்பச் சொல்லாத தருணம் போகிறது. பக்கவாட்டுக் காற்றில் ஓடுபாதையைத் தொட்டுத் துள்ளி எழுந்த முதல் தரையிறக்கம் போய், இரண்டாவது முயற்சி மட்டும் எஞ்சுகிறது. எரிபொருள் அளவைப் பார்த்து விமானி தயங்கிய அந்த நேரமும், மேகத்தைச் சுற்றிப் போகலாமா திரும்பிவிடலாமா என்று யோசித்த அந்த மௌனமும் போகின்றன. திரையில் காண்பவருக்கு முடிவுகள் அனைத்தும் உடனே எடுக்கப்பட்டவையாகவும், சரியானவையாகவும் தோன்றுகின்றன. விமானம் ஓட்டக் கற்கும் ஓர் இளைஞர் இத்தகைய காணொலிகளை 100 மணி நேரம் பார்த்தாலும், தயங்குவதும் திரும்பி வருவதும் விமானியின் அன்றாட வேலை என்பதைத் தெரிந்துகொள்ள மாட்டார்.

இதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. தவற்றை வெட்டி எறிய விமானிக்கு நியாயமான ஒரு காரணத்தைச் சட்டமே தருகிறது.

அமெரிக்காவில் 1976 முதல் ஒரு சிறந்த ஏற்பாடு இருக்கிறது. விமானி தெரியாமல் செய்த தவற்றைத் தானே நாசா அமைப்புக்கு எழுதித் தெரிவிக்கலாம். நாசா பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, அதிலுள்ள பாடத்தை மட்டும் எல்லோருக்கும் பகிரும். அந்த அறிக்கையை எஃப்ஏஏ நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. 10 நாட்களுக்குள் அறிக்கை அனுப்பியவர், தவறு உள்நோக்கமற்றது என்றால், விதிமீறல் பதிவானாலும் தண்டனையிலிருந்து விலக்குப் பெறவும் வழியுண்டு. குற்றச்செயல்களுக்கும் விபத்துகளுக்கும் இது பொருந்தாது. ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ தானே அறிக்கைகளைப் பெறாமல், தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசாவிடம் அந்தப் பொறுப்பை விட்டதுதான் இதன் நுட்பம்.

அதே தவற்றை அதே விமானி காணொலியாக வெளியிட்டால்? அறிக்கைக்குத் தரப்படும் அந்தக் காப்பு காணொலிக்கு இல்லை. 2015 ஏப்ரலில் எஃப்ஏஏ தன் ஆய்வாளர்களுக்கு அனுப்பிய குறிப்பு, இணையத்தில் உள்ள காணொலியை ஒரு சான்றாகக் கொள்ளலாம், ஆனால் அது மட்டுமே போதாது என்றது. அவற்றை நீக்கச் சொல்லவோ, நீக்கலாமே என்று யோசனை கூறவோகூட ஆய்வாளர்களுக்கு அதிகாரமில்லை என்றும் தெளிவுபடுத்தியது. நிதானமான குறிப்புதான். ஆனாலும் விமானி எப்படிக் கணக்குப் போடுவார்? தவற்றைக் காகிதத்தில் எழுதினால் பாதுகாப்பு. திரையில் காட்டினால் சான்று. இந்நிலையில் கத்தரியை எடுக்காதவர் யார்?

வெட்டப்படாத பதிவுகள் எவ்வளவு பேசும் என்பதற்கு 2014 மே மாத நிகழ்வு ஒன்று போதும். கொலராடோ மாநிலத்தின் வாட்கின்ஸ் அருகே ஒரு செஸ்னா 150 விமானம் விழுந்து, விமானியும் உடன் பறந்தவரும் இறந்தனர். இடிபாட்டில் கிடைத்த கேமராவில் விபத்துப் பயணத்தின் பதிவு இல்லை. ஆனால், அதற்குச் சற்று முந்தைய பயணங்களின் பதிவுகள் இருந்தன. விமானியும் பயணிகளும் கைப்பேசியில் தம்மைத் தாமே படம் பிடித்துக்கொண்டிருந்தனர். இரவு நேரத்தில், ஒளிப்பாய்ச்சும் விளக்குடன். விபத்துப் பயணத்திலும் கைப்பேசி விமானியின் கவனத்தைச் சிதறடித்திருக்கக்கூடும் என்ற முடிவுக்கு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வந்தது. அந்தப் பதிவு யாருக்கும் காட்ட எடுக்கப்பட்டதல்ல. யாரும் தொகுக்கவும் இல்லை. அதனால்தான் உண்மை அதில் அப்படியே இருந்தது. இசை சேர்த்து 3 நிமிடமாக்கியிருந்தால் நகர விளக்குகளின் அழகு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பயணிகள் விமானங்களில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. 2009 அக்டோபரில் மினியாபொலிஸ் செல்ல வேண்டிய ஒரு விமானம், விமானிகள் மடிக்கணினியில் மூழ்கியிருந்ததால் நகரைத் தாண்டி 100 மைலுக்கும் மேல் போய்விட்டது. பணியில் இருக்கும் விமானிகள் சொந்தக் காரியங்களுக்காக மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் விதி 2014-இல் வந்தது. தனியார் விமானிக்கு அத்தகைய தடை கிடையாது. இருக்கவும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நிலையாகப் பொருத்தி, புறப்படும் முன்பே இயக்கிவிட்டு மறந்துவிடும் கேமரா ஆபத்தானதல்ல. பறக்கும்போது கையில் எடுப்பதுதான் ஆபத்து.

2023 டிசம்பரில் டென்னசி மாநிலத்தின் புலாஸ்கி அருகே நடந்த விபத்து வேறு வகையில் மனத்தைச் சங்கடப்படுத்துகிறது. தன் பயணங்களைத் தொடர்ந்து யூடியூபில் பகிர்ந்துவந்த ஒரு பெண் விமானியும் அவருடைய தந்தையும் அதில் இறந்தார்கள். அவருடைய முந்தைய காணொலிகளில், விமானத்தின் தானியங்கி இயக்கக் கருவியைக் கையாள அவர் திணறுவது வெளிப்படையாகத் தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. அனுபவம் மிக்க விமானிகள் பலர் இறப்புக்குப் பின் அந்தக் காணொலிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இந்த இடத்தில் இதைச் செய்திருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார்கள். கேலி செய்தவர்களும் இருந்தார்கள். தன் குறைகளைத் திறந்து காட்டியவருக்குக் கிடைத்தது இதுதான் என்றால், அடுத்தவர் எதைக் கற்றுக்கொள்வார்? வெட்டத்தான் கற்றுக்கொள்வார்.

பணத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2015 மார்ச்சில், ஃபுளோரிடாவில் பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிட்ட ஒருவருக்கு எஃப்ஏஏ அலுவலகம் ஒன்று கடிதம் அனுப்பியது. அவருடைய யூடியூப் காணொலிகளில் விளம்பரம் வருவதால் அது வணிகப் பறத்தல் ஆகலாம் என்பது அதன் வாதம். கடும் எதிர்ப்பு எழுந்தது. மேலே சொன்ன ஏப்ரல் குறிப்பு வெளியானது அடுத்த மாதமே. இந்தக் கேள்வி நமக்கும் அந்நியமல்ல. சொந்த விமானம் வைத்திருப்போர் நம் நாட்டில் மிகச் சிலரே என்றாலும், ட்ரோன் பலரிடம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ட்ரோன் விமானி சான்றிதழ் தேவையில்லை. ஓய்வு நேரத்தில் ஊர் ஏரியைப் படம்பிடித்து யூடியூபில் போடுபவருக்கு விளம்பரத்தின் மூலம் சில நூறு ரூபாய் வந்தால், அவர் நோக்கம் வணிகமா? பிற்பாடு வரும் வருமானத்தை வைத்து, பறக்கவிட்டபோது இருந்த நோக்கத்தை அளப்பது சரியாகாது. ஜேக்கப் வழக்கில் பணம் முக்கியமானது, பறப்பதற்கு முன்பே பேசி முடிக்கப்பட்டிருந்ததால்தான்.

என்ன செய்யலாம்? நாசா அறிக்கைக்குத் தரும் காப்பை, தாமாக முன்வந்து தவற்றைக் காட்டும் காணொலிக்கும் நீட்டிக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: வெட்டப்படாத மூலப் பதிவைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும். விரும்பிச் செய்த மீறல்களுக்கும், விளம்பர ஒப்பந்தத்தோடு எடுத்த பயணங்களுக்கும் காப்பு கூடாது. பார்வையாளர் எண்ணிக்கைக்காக வேண்டுமென்றே தவறு செய்துவிட்டு 'தெரியாமல் நடந்தது' என்பார்களே என்ற ஆட்சேபம் எழும். எழுதித் தரும் அறிக்கையிலும் பொய் சொல்ல முடியும். அங்கே பொய்யைக் கண்டுபிடிக்க வழி குறைவு; இங்கே பல கோணங்களிலிருந்து ஓடும் கேமராக்களின் நேரக்குறியீடு இருக்கிறது. எந்த வினாடியில் கதவு திறந்தது என்பதைச் சரிபார்க்கலாம்.

அப்படி ஒரு மாற்றத்துக்கான அறிகுறி எதுவும் இப்போது தென்படவில்லை. அதுவரை, துள்ளி எழுந்த அந்த முதல் தரையிறக்கம் கணினியின் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்.