வகுப்பறையில் எடை பார்க்கும் முறை குறித்துப் பள்ளிக் கல்வித்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்



பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து பதிவேட்டில் எழுதும் வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் வலுவான காரணம் உண்டு. 1956இல் காமராசர் அரசு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்ததும், 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் வந்ததும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை. பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்பதே அந்தக் கவலை. எந்தப் பிள்ளை மெலிகிறது, எந்தப் பிள்ளையின் வளர்ச்சி தேங்குகிறது என்று அறிய எடை பார்த்தாக வேண்டும் என்பதால், எடை பார்ப்பதை நிறுத்தும்படி இம்மடல் கோரவில்லை. எடை பார்க்கப்படும் முறையையும், கிடைத்த எண் படிக்கப்படும் முறையையும் மாற்ற வேண்டும் என்றே கோருகிறது. பசியைக் கண்டறிய வந்த அந்தக் கருவி, கையாளும் விதத்தால், உண்ண அஞ்சும் நோய்க்குச் சில பிள்ளைகளைத் தள்ளிவிடக்கூடும். தள்ளப்பட்ட பிள்ளையைக் கண்டுகொள்ளாமலும் விட்டுவிடக்கூடும்.

உண்ணுதல் கோளாறுகள் என்று மருத்துவம் அழைப்பவை, உணவோடும் உடலோடும் ஒருவருக்குள்ள உறவு நோயாக மாறி, உடலையும் மனத்தையும் ஒருசேரக் கெடுக்கும் நிலைகள். அவற்றுள் அனோரெக்சியா நெர்வோசா என்பது, எடை கூடிவிடுமோ என்ற தீராத அச்சத்தால் உணவை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போவதும், எவ்வளவு மெலிந்த பின்னும் தன் உடலைப் பருத்ததாகவே உணர்வதுமான நோய். இதற்கு இப்பெயரை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கல் 1870களில் இட்டார். புலிமியா நெர்வோசா என்பது, கட்டுப்படுத்த முடியாமல் குறுகிய நேரத்தில் மிகுதியாக உண்பதும், பின்னர் குற்ற உணர்வால் வாந்தி எடுப்பதோ பட்டினி கிடப்பதோ அளவுகடந்து உடற்பயிற்சி செய்வதோ ஆன சுழற்சி; ஜெரால்டு ரசல் இதனை 1979இல் தனி நோயாக விவரித்தார். ஈடுகட்டும் செயல் ஏதுமின்றி அடக்கமுடியாமல் உண்பது மட்டும் தொடர்ந்தால் அது மிகையுண்ணல் கோளாறு எனப்படும்; அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் கையேட்டில் இது தனி நோயாக ஏற்கப்பட்டது. உளநோய்களிலேயே உயிரிழப்பு மிகுந்தவற்றுள் அனோரெக்சியா முன்வரிசையில் நிற்கிறது. இதயத் துடிப்பு மந்தமாவதும், மாதவிடாய் நின்றுபோவதும், வளரும் வயதில் எலும்பு வலுவிழப்பதும், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயம் தடுமாறுவதும், மனம் ஒடிந்து தற்கொலைக்குச் செல்வதும் அதன் விளைவுகளாக அறியப்பட்டவை. இந்நோய்கள் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்கும் வயது உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளின் வயது என்பதால்தான் இம்மடல் தங்கள் துறைக்கு எழுதப்படுகிறது.

இவை வசதி படைத்த வீட்டுப் பெண்களின் பிடிவாதம் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறானது, பிள்ளைகளுக்குத் தீங்கும் செய்கிறது. 2019இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வு, அனோரெக்சியாவோடு தொடர்புடைய எட்டு மரபணு இடங்களைச் சுட்டியதோடு, இந்நோய்க்கு மனக்கூறு மட்டுமன்றி உடலின் வளர்சிதைமாற்றக் கூறும் உண்டு என்பதையும் காட்டியது. பட்டினியே மனத்தை எவ்வளவு திரித்துவிடும் என்பதை அதற்கு வெகுகாலம் முன்பே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை காட்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், போரில் ஈடுபட மனச்சான்று இடம்தராத 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தார்கள். உணவைப் பற்றியே ஓயாது நினைப்பதும், சமையல் நூல்களைப் படிப்பதும், தட்டிலுள்ளதைச் சிறுசிறு துண்டாக்கி நெடுநேரம் உண்பதும், எரிச்சலும் மனச்சோர்வும் கொண்டு நண்பர்களிடமிருந்து ஒதுங்குவதும் அவர்களிடம் தோன்றின. பட்டினி முடிந்த பிறகு சிலரால் உண்பதை நிறுத்தவே முடியவில்லை. எந்த உளநோயும் இல்லாதவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்களுக்கே இந்நிலை என்றால், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி சாப்பாட்டு வேளையில் காட்டும் அடத்தை அவளுடைய குணம் என்று தள்ளிவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

நோய்க்கு வேர் பலவாயினும், அது முளைவிடும் வாசல் பெரும்பாலும் ஒன்றே: எடையைக் குறைக்க எண்ணி உணவைக் குறைப்பது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 14, 15 வயது மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து ஜார்ஜ் பேட்டனும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பெண்களுக்கு உண்ணுதல் கோளாறு வரும் வாய்ப்பு, அவ்வாறு செய்யாத பெண்களைவிட 18 மடங்கு மிகுதியாக இருந்தது. உணவைக் குறைக்கும் எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் ஆவதில்லை என்பது உண்மையே. ஆனால் எந்தப் பிள்ளை ஆவாள் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாதபோது, உணவைக் குறைக்கும் எண்ணத்தைப் பள்ளியே விதைக்காமல் இருப்பது கடமையாகிறது.

அந்த எண்ணம் எளிதில் விதைக்கப்படும் இடங்களுள் ஒன்று, எடை பார்க்கும் நாளின் வரிசை. பல பள்ளிகளில் வகுப்பு முழுவதும் நிற்க, ஒருவர் எடையை உரக்கச் சொல்ல, மற்றொருவர் பதிவேட்டில் எழுத, நாற்பது பிள்ளைகள் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அன்று பிற்பகலுக்குள் அது பட்டப்பெயராகிவிடுகிறது. குண்டு என்றும் ஒல்லிக்குச்சி என்றும் அழைப்பது விளையாட்டு என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். திரைப்பட நகைச்சுவை அந்த எண்ணத்துக்குப் பல பத்தாண்டுகளாகத் தீனி போட்டு வந்திருக்கிறது. பூப்பெய்தும் பருவத்தில் பெண்ணுடலில் கொழுப்பு கூடுவது இயற்கையான வளர்ச்சி. ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் அந்த வளர்ச்சியின் வெவ்வேறு படிகளில் இருப்பார்கள் என்பதால், அவர்களின் எடைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் மருத்துவப் பொருள் ஏதும் இல்லை. வெட்கத்துக்கு மட்டும் அதில் நிறைய இடமுண்டு.

எண்ணைப் படிக்கும் முறையில் உள்ள குறை இதனினும் பெரிது. எடையை உயரத்தின் இருமடியால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறைக் குறியீட்டெண், பெல்ஜியப் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகைகளை ஒப்பிட்டு அறியக் கண்ட ஒரு விகிதம். தனியொருவரின் உடல்நிலையை அது தோராயமாகவே காட்டும். மனநிலையை அறவே காட்டாது. புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலோரின் எடை இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கும். அனோரெக்சியாவிலும், முன்பு பருத்திருந்த ஒரு பிள்ளை சில மாதங்களில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து, நாடி தளர்ந்து, மாதவிடாய் நின்றுபோன நிலையில் இருக்கும்போதும், நலப் பதிவேட்டில் அவளுக்கு நேரே இயல்பு என்றே எழுதப்படும். சென்ற ஆண்டு மிகை எடை என்று எழுதப்பட்டிருந்தால், இவ்வாண்டு அவளை ஆசிரியர்கள் பாராட்டவும் கூடும். நோயின் மிக அபாயமான கட்டத்தில் கிடைக்கும் அந்தப் பாராட்டு, தான் செய்வது சரி என்று அவளுக்கு உறுதிசெய்துவிடுகிறது. மருத்துவர்கள் மரபுமாறிய அனோரெக்சியா என்று வகைப்படுத்தும் இந்நிலை, இன்றைய பதிவேட்டு முறையில் கண்ணுக்குப் படவே படாது.

பள்ளி வழியாக எடையைக் குறைக்க முனைந்த நாடுகளின் பட்டறிவையும் தங்கள் துறை எண்ணிப் பார்க்கலாம். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய டிரிம் அண்ட் ஃபிட் திட்டத்தில், மிகை எடை உள்ள மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டு, மற்றவர்கள் விளையாடும் இடைவேளையிலும் பள்ளி நேரத்துக்கு வெளியிலும் கூடுதல் உடற்பயிற்சி செய்யவைக்கப்பட்டார்கள். உடற்பருமன் உள்ள மாணவர்களின் விகிதம் சுமார் 14 விழுக்காட்டிலிருந்து 9.5 விழுக்காடாக இறங்கியது. எண்ணை மட்டும் பார்த்தால் அது வெற்றியே. ஆயினும் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள் என்ற குறையும், உண்ணுதல் கோளாறுகளுக்கு அது வழிவகுக்கிறது என்ற அச்சமும் தொடர்ந்து எழ, 2007இல் அரசே அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களின் நலத்தையும் ஒருங்கே நோக்கும் வேறொரு திட்டத்துக்கு மாறியது. கலிபோர்னியாவின் 79 பள்ளிகளில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வோ இன்னும் நேரடியானது: குறியீட்டெண்ணை அளந்து பெற்றோருக்கு அறிக்கை அனுப்பியதால் பிள்ளைகளின் எடையில் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை, பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளிடம் தம் எடை குறித்த மனக்குறை மட்டும் கூடியிருந்தது.

நம் சமூகம் பூசினாற்போன்ற உடலை விரும்பும் சமூகம், ஆகவே இங்கு இந்நோய் பரவாது என்று சொல்வார் உண்டு. ஆனால் பருத்த உடலையே வளத்தின் அடையாளமாகக் கொண்டிருந்த பிஜித் தீவின் பழங்குடி மக்களிடையே, 1995இல் தொலைக்காட்சி வந்து சேர்ந்த நாட்ரோகா பகுதியில், மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளை ஆராய்ந்தார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் 1995இல் ஒருவரும் இல்லை. 1998இல் ஆராயப்பட்டவர்களில் 11 விழுக்காட்டினர் அவ்வாறு சொன்னார்கள். அங்கு வந்தது ஒரேயொரு தொலைக்காட்சி அலைவரிசை. இங்குள்ள பிள்ளையின் கையிலோ, மெலிந்த இடுப்பையும் மெருகேற்றிய முகத்தையும் நாளெல்லாம் காட்டும் கைப்பேசி இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்நோய் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை, வளரிளம்பருவ மனநலப் பிரிவுக்கு வந்தவர்களுள் 41 பேருக்கு உண்ணுதல் கோளாறு இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு இருந்தது, உடற்காரணம் காணமுடியாமல் மன உளைச்சலால் தொடரும் வாந்தி. பருத்துவிடுவேன் என்று அஞ்சாமலே உணவை மறுக்கும் நோயாளிகளை ஹாங்காங்கில் சிங் லீயும் தில்லியில் கண்டேல்வால் குழுவினரும் 1990களில் விவரித்துள்ளனர். இவற்றை இணைத்துப் பார்த்தால் ஆசிரியர்களுக்குப் பயன்படும் ஒரு தெளிவு கிடைக்கும்: இங்குள்ள பிள்ளை தன் நோயை எடை பற்றிய பேச்சாக வெளிப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது, பசிக்கவில்லை, சாப்பிட்டால் குமட்டுகிறது, இன்று விரதம் என்றே அவள் சொல்லக்கூடும். வீட்டில் அவளுக்குக் கஷாயமும் குடற்புண் மாத்திரையும் கிடைக்கும், மனநல உதவி கிடைக்காது.

இந்நிலையில் தங்கள் துறை செய்யக்கூடியவை செலவு மிகுந்தவை அல்ல. எடை பார்ப்பது தனியறையில், ஒவ்வொரு பிள்ளையாக, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் நடைபெற வேண்டும். எண்ணைக் காண விரும்பாத பிள்ளை முகத்தைத் திருப்பி நிற்க இடம்தர வேண்டும். பதிவேடு மாணவர் கையில் கொடுத்தனுப்பப்படக் கூடாது. ஒரு பிள்ளையின் எடை மற்றவர்களின் எடையோடு ஒப்பிடப்படாமல் அப்பிள்ளையின் சென்ற ஆண்டு எடையோடு மட்டும் ஒப்பிடப்பட வேண்டும். வளரும் வயதில் எடை குறைவது, அது எங்கிருந்து தொடங்கிக் குறைந்தாலும், மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய செய்தி என்று பதிவேட்டிலேயே அச்சிடப்பட வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்கள் ஓட்டத்தையும் விளையாட்டையும் எடைக் குறைப்புக்கான தண்டனையாகப் பேசுவதை நிறுத்த வேண்டும். எந்தப் பிள்ளை தட்டோடு ஒதுங்குகிறது, எந்தப் பிள்ளை உண்டவுடன் கழிவறைக்கு விரைகிறது என்பதைச் சத்துணவு அமைப்பாளரைவிட அருகிலிருந்து காண்பவர் பள்ளியில் வேறெவரும் இல்லை. அவருக்கு இதற்கென ஒரு நாள் பயிற்சி அளிக்கலாம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளில் சுமார் முப்பது நிலைகளைத் தேடுகின்றன. அந்தப் பட்டியலில் உண்ணுதல் கோளாறுகள் இல்லை. பல் சொத்தையைப் பார்க்கும் அதே குழுவுக்கு, அடிக்கடி வாந்தி எடுப்பவர்களின் பற்களின் உட்பக்க எனாமல் அமிலத்தால் தேய்ந்திருப்பதையும், தாடையோரம் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருப்பதையும் கவனிக்கக் கூடுதல் நேரம் தேவைப்படாது. மக்கள் நல்வாழ்வுத் துறையோடு பேசி இவற்றைச் சேர்க்க வேண்டும்; அவ்வாறு கண்டறியப்படும் பிள்ளையை மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் சேர்ப்பிக்கும் வழியையும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் ஒவ்வொரு தலைமையாசிரியரும் அறிந்திருக்கச் செய்ய வேண்டும். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பம்சார் சிகிச்சை, பெற்றோரைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல் அவர்களையே உணவூட்டும் பொறுப்பில் அமர்த்தி, நோய் முற்றாத வளரிளம்பருவத்தினர் பலரை மீட்டிருக்கிறது. தொடக்கத்திலேயே வருபவர்களுக்கே அதன் பலன் மிகுதி என்பதால், பள்ளி எவ்வளவு விரைவில் கவனிக்கிறது என்பது அப்பிள்ளையின் மீட்சியைப் பெரிதும் தீர்மானிக்கும். வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறந்து, புதிய பதிவேடுகளோடு அடுத்த எடை பார்க்கும் நாள் வருவதற்கு முன், இவை குறித்த சுற்றறிக்கை எல்லா மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் சென்றுசேர ஆவன செய்யுமாறு இம்மடல் பணிவோடு வேண்டுகிறது.