புதிய காருக்கு எந்த எண்ணெய்? கெட்டியான ஆயில் நல்லது என்ற நம்பிக்கையும் ஒன்பது ஆண்டுக் கடனும்

தெப்ராவ் - கடந்த 2024ஆம் ஆண்டில் மலேசியாவில் 816,747 புதிய வாகனங்கள் விற்பனையாயின. நாடு அதுவரை காணாத எண்ணிக்கை அது. அவற்றில் 358,102 பெரோடுவா கார்கள். தேசா தெப்ராவ், ஜொகூர் ஜெயா, உலு திராம் வட்டாரத் தாமான்களிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நம்மவர் வீடுகளுக்கு முன் நிற்கும் புதிய மைவி, ஆக்சியா, பெசா கார்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டு வந்த கார், ஒரு மாதத்தில் அல்லது 1,000 கிலோமீட்டரில் முதல் சர்வீசுக்குப் போகிறது. வாக்குவாதமும் அங்குதான் தொடங்குகிறது. சர்வீஸ் மையத்தில் ஊற்றியது 0டபிள்யூ-20 என்று மகன் ரசீதைக் காட்டுகிறான். முப்பது ஆண்டு லோரி ஓட்டிய அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம ஊர் சூட்டுக்குத் தண்ணி மாதிரி ஆயில் ஊத்துனா இன்ஜின் தாங்காதுடா. அடுத்த தடவை நம்ம போமன்கிட்ட கொண்டு போ, கெட்டியா ஊத்துவான்" என்கிறார்.

அப்பாவின் பேச்சை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1985இல் வந்த ப்ரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் ஓடிய காலத்தில் 20டபிள்யூ-50 எண்ணெய் பட்டறைகளில் சர்வ சாதாரணம். அன்றைய இயந்திரங்களில் உலோகப் பாகங்களுக்கு இடையே இருந்த இடைவெளி இன்றைய அளவுக்கு நுணுக்கமானதல்ல. தேய்ந்த இயந்திரம் எண்ணெயைக் குடித்துப் புகை கக்கும்போது, கெட்டியான எண்ணெய் அதைக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைத்தது. தோட்டத்தில் ‘மிஞாக் ஹித்தாம்’ என்று மலாய்ச் சொல்லிலேயே அழைத்துப் பழகிய அந்த எண்ணெயைப் பற்றிய அனுபவ அறிவு அந்த வண்டிகளுக்குச் சரியாகவே இருந்தது. வண்டி மாறிவிட்டது, அறிவுரை மாறவில்லை. சிக்கல் அவ்வளவுதான்.

புட்டியின் மேல் உள்ள எண்களைப் புரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். 0டபிள்யூ-20 என்பதில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன் உள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இளகி நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 35 பாகை செல்சியசிலும், 20டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 15 பாகையிலும் சோதிக்கிறார்கள். ஜொகூரில் அந்தக் குளிர் ஒருநாளும் வரப்போவதில்லை. ஆனாலும் இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் முடுக்கும்போது, இளகிய எண்ணெய் மேல் பாகங்களுக்கு விரைவாக ஏறிவிடும். இயந்திரத் தேய்மானத்தில் பெரும்பங்கு அந்தத் தொடக்க நேரத்தில்தான் நடக்கிறது.

இரண்டாவது எண்ணைத்தான் நம்மவர்கள் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 20, 30, 40, 50 ஆகிய எண்கள், எண்ணெய் 100 பாகை செல்சியசில் இருக்கும்போது அளந்த பாகுத்தன்மையைக் காட்டுபவை. வெளியே என்ன வெயில் என்பதற்கும் இந்த அளவீட்டுக்கும் சம்பந்தமில்லை. இயந்திரம் சூடேறியதும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதன் வெப்பத்தை ஏறத்தாழ ஒரே நிலையில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வெளியே 33 பாகை என்றாலும் 10 பாகை என்றாலும், உள்ளே எண்ணெய் வேலை செய்யும் சூட்டில் பெரிய மாற்றம் இருப்பதில்லை. தெப்ராவைவிடக் கடுமையான வெயில் காயும் சென்னையிலும் மதுரையிலும் ஓடும் மாருதி சுசூகியின் அண்மைய சிறு கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 பரிந்துரைக்கப்படுகிறது. அது 20ஐக் காட்டிலும் மெல்லியது.

அப்படியானால் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் இயந்திரம் மறுநாளே கெட்டுவிடுமா? கெடாது. சில கார்களின் கையேடே 5டபிள்யூ-30ஐயும் மாற்றாக அனுமதிக்கிறது. கையேட்டில் இல்லாத 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 ஊற்றும்போதுதான் இழப்பு மெல்ல மெல்லச் சேர்கிறது. பெட்ரோல் கூடுதலாகப் போகும். எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டு இயங்கும் வால்வு நேரமாற்றக் கருவி தடுமாறலாம். பின்னர் உத்தரவாதத்தின் பேரில் பழுதுபார்க்கக் கேட்கும்போது, நிறுவனத்திடம் மறுக்க ஒரு காரணத்தை நாமே கொடுத்தவர்கள் ஆகிறோம்.

எண்ணைப் பார்ப்பவர்கள்கூட அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்ப்பதில்லை. புட்டியின் பின்புறத்தில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வட்ட முத்திரை இருக்கும். அதில் ஏபிஐ எஸ்எஃப், எஸ்ஜே, எஸ்என், எஸ்பி என்று தர வகை குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது. எஸ்பி 2020 மே மாதம் வந்தது. எஸ்கியூ 2025 மார்ச் இறுதியில் வந்தது. விலை மலிவான புட்டிகளில் காணப்படும் எஸ்எஃப் வகையை, 1988க்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான பெட்ரோல் இயந்திரங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்தக் கழகமே எச்சரிக்கிறது. கார் வாங்கிய பிள்ளை பிறப்பதற்கு முன்பே காலாவதியான தரம் அது!

டர்போ கார் வைத்திருப்பவர்கள் இந்த எழுத்தை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ப்ரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அத்திவா போன்ற சிறிய டர்போ இயந்திரங்கள் குறைந்த வேகத்தில் அதிக இழுவிசை தருபவை. அந்த நேரத்தில் தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு இவ்வகை இயந்திரங்களில் ஏற்படலாம். பிஸ்டனையே உடைக்கக்கூடிய கோளாறு அது. எண்ணெயில் சேர்க்கப்படும் கால்சியம் அடிப்படையிலான துப்புரவுப் பொருளுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது தெரியவந்த பிறகு, அதைக் கட்டுப்படுத்தும் சோதனையை எஸ்பி தரத்தில் சேர்த்தார்கள். டர்போ காருக்குப் பழைய தர எண்ணெய் ஊற்றி இருபது முப்பது வெள்ளி மிச்சம் பிடிப்பது வீண் சூதாட்டம்.

எந்த எண்ணெய் என்பதைப் போலவே, எப்போது மாற்றுவது என்பதும் தெப்ராவ்காரர்களுக்குத் தனிக் கணக்கு. இங்கிருந்து தினமும் ஜொகூர் கடற்பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் கார், நெரிசலில் ஓடாமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. மீட்டர் ஓடுவதில்லை. எண்ணெய் மட்டும் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறது. மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டரில் ஓடும் கார் 10,000 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 167 மணி நேரம் போதும். சராசரி 20 கிலோமீட்டரில் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். எண்ணெய்க்கு மூன்று மடங்கு உழைப்பு.

தோட்டத்தில் இருப்பவர்களின் நிலை வேறு. லயத்திலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து கடைக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம். இயந்திரம் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. செம்மண் பாதையின் தூசி காற்று வடிகட்டியை அடைக்கிறது. பொதுவாகக் கார்க் கையேடுகள் இந்த இரண்டு வகை ஓட்டத்தையும் ‘கடுமையான பயன்பாடு’ என்ற தலைப்பில்தான் வைக்கின்றன. அதற்கான சர்வீஸ் இடைவெளியும் குறைவு. "கிலோமீட்டர் அல்லது மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்ற வரியில் மாதத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இதில் பணம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரோடுவாவும் ப்ரோட்டோனும் பெட்ரோல் கார்களுக்குத் தரும் உத்தரவாதம் ஐந்து ஆண்டுகள் அல்லது 150,000 கிலோமீட்டர். நம் குடும்பங்கள் பல எடுக்கும் வாடகைக் கொள்முதல் கடனோ ஒன்பது ஆண்டுகள், அதாவது 108 தவணைகள். உத்தரவாதம் 60ஆவது தவணையோடு முடிந்துவிடும். எஞ்சிய 48 மாதங்களும் இயந்திரம் கெட்டாலும் வங்கிக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். இயந்திரம் கடனைவிட நீண்ட நாள் வாழ வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. வருமானத்தில் பெரும்பகுதியைக் காருக்குக் கொடுக்கும் குடும்பத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் நான்கு லிட்டர் எண்ணெய் சின்ன விஷயமல்ல.

உத்தரவாதக் காலத்தில் சர்வீஸ் மையத்துக்கே போவது நல்லது. சேவை வரி 2024 மார்ச் முதல் 6லிருந்து 8 விழுக்காடாகக் கூடியபின் அங்கே பில் கனக்கிறது என்ற குறை நியாயமானதுதான். ஆனாலும் புத்தகத்தில் விழும் முத்திரைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. உத்தரவாதம் முடிந்து தெரிந்த போமனிடம் போகும்போதும், எண்ணெயின் முழுப் பெயர், எண், தரம், ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். ‘ஆயில் சர்வீஸ்’ என்று ஒற்றை வரியில் எழுதிய ரசீது எதற்கும் உதவாது.

அடுத்தது போலி எண்ணெய். பிரபல நிறுவனங்களின் பெயரில் போலி எண்ணெயை அடைத்து விற்ற இடங்களை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு சோதனையிட்ட செய்திகள் நாட்டில் புதிதல்ல. காலிப் புட்டிகளைச் சேகரித்து மீண்டும் நிரப்புவது இதில் ஒரு வழி. எனவே மூடியின் முத்திரையை நம் கண் முன்னே உடைக்கச் சொல்வதும், ஊற்றி முடித்ததும் புட்டியை ஓட்டை போட்டுவிடச் சொல்வதும் தப்பில்லை. நல்ல போமன் கோபித்துக்கொள்ள மாட்டார். தொடர்பில்லாத ஒருவர் இணையத்தில் பாதி விலைக்கு விற்கும் பெரிய பிராண்டு எண்ணெயை ஆசைப்பட்டு வாங்குவதைவிட, பெயர் பெரிதாக இல்லாத நிறுவனத்தின் அசல் எஸ்பி தர எண்ணெய் எவ்வளவோ மேல்.

ஏமாந்துவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்போவது ரசீதைத்தான்.

மிஞ்சிய அரை லிட்டரை என்ன செய்வது? பல வீடுகளில் அது தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குப் போகிறது. அது வேண்டாம். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் எண்ணெயிலேயே ஊறி வேலை செய்வது. பெட்ரோலை மிச்சப்படுத்தக் கார் எண்ணெயில் சேர்க்கும் வழுக்குப் பொருள் அந்தக் கிளட்சை நழுவச் செய்யும். கியர் உள்ள வண்டிக்கு ஜாசோ எம்ஏ என்ற குறி உள்ள எண்ணெயே பொருந்தும். மிஞ்சிய கார் எண்ணெயை மூடி வைத்தால் அடுத்த சர்வீசுக்குள் அளவு குறையும்போது அதே காருக்கு ஊற்றிக்கொள்ளலாம். வீட்டிலேயே எண்ணெய் மாற்றுகிறவர்கள் கழிவு எண்ணெயை வேலிக் கம்பத்துக்குப் பூசுவதும் கால்வாயில் ஊற்றுவதும் இன்னும் நின்றபாடில்லை. சட்டப்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணுள்ள அட்டவணைக் கழிவு. தெப்ராவ் கால்வாயில் விழுவது தெப்ராவ் ஆற்றுக்கும், அங்கிருந்து ஜொகூர் நீரிணைக்கும் போகிறது. அதே புட்டியில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.