தவறி விழவில்லை

பேப்பரில் போடுகிறான்: ‘கூரையிலிருந்து தவறி விழுந்து தொழிலாளி சாவு.’ எஃப்.ஐ.ஆரிலும் அதே வார்த்தை. தவறி என்றால் யார் தவறு? செத்தவன் தவறு. ஒரே சொல்லில் தீர்ப்பு முடிந்தது.

20 வருசமா சீட் போடுறவன் சொல்றேன். நாங்க தவறி விழுறதில்ல, சீட் உடஞ்சு விழுறோம். ஆஸ்பெஸ்டாஸ் சீட் மழை வெயில் தாங்கும், ஆள் பாரம் தாங்காது. கீழே பர்லின் போகிற இடம் பார்த்து, ஜே போல்ட் வரிசை மேல்தான் கால் வைக்கணும். பழைய சீட்டில் பாசி பிடிச்சு போல்ட்டே தெரியாது. வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் சீட்டும் அழுக்கேறி மத்த சீட் மாதிரியே கிடக்கும். நடக்க ரெண்டு பலகை, இடுப்புக்கு பெல்ட், கட்டக் கயிறு, கீழே வலை. இவ்வளவுதான் கேட்கிறோம். “ரேட்ல கட்டாதுப்பா” என்கிறான் கான்ட்ராக்டர். அப்ப எங்க உசுரு அந்த ரேட்டுல சேந்ததுதானா?

வீட்டு வாசப்படி ஏற விடாதவன், கூரை மேல் மட்டும் எங்களை ஏறச் சொல்கிறான்.

2011இல் என் சித்தப்பா மகன் ஒரு குடோன் கூரையிலிருந்து 25 அடி கீழே தரையில் விழுந்து செத்தான். முதலாளி கேட்ட முதல் கேள்வி: “குடிச்சிருந்தானா?” சேரிக்காரன் என்றாலே குடிகாரன். அவன் குடிக்காதவன் என்று நான் சத்தியம் பண்ண வரவில்லை. அந்தக் கேள்வியே செல்லாது. வெள்ளைக்காரன் 1923இல் போட்டு, பின்னால் திருத்திய இழப்பீட்டுச் சட்டமே சொல்லிவிட்டது: ஆள் செத்தாலோ, நிரந்தரமாக முழுசா முடங்கிப் போனாலோ, குடியைக் காட்டி முதலாளி தப்ப முடியாது.

கருமாதிக்கு முன்னாலேயே பெரிய மனுசர் ஒருத்தர் பஞ்சாயத்துக்கு வந்தார். கொஞ்சம் பணத்தை வைத்து, ‘இத்தோடு முடிந்தது’ என்று எழுதிய பத்திரத்தில் சித்தியிடம் கைநாட்டு வாங்கினார். அதுவும் செல்லாது. சாவுக்கான இழப்பீட்டை அப்போது ஆணையரிடம்தான் கட்டியிருக்கணும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினால் அது வெறுங்காகிதம். இதுவும் அதே 1923 சட்டம். எங்களுக்கு யார் சொன்னது? ஸ்டேசன் சொல்லல. ஆஸ்பத்திரி சொல்லல. விசயம் தெரிஞ்சபோது, வழக்குப் போட அன்றைக்கு இருந்த 2 வருசக் கெடு தாண்டிப்போச்சு.

1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 1996இல் மத்திய சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்திருக்கின்றன. சட்டத்தின் பேர் மாறிக்கொண்டே இருக்கு. கூரைக்கு அந்த ரெண்டு பலகை மட்டும் வரல.

எழுதுகிற அய்யாமாரே, ‘தவறி விழுந்தார்’ என்று இனி எழுதாதீர்கள். ‘பலகை தராமல் ஏற்றிவிட்டார்கள்’ என்று எழுதுங்கள். நம்ம சனங்களுக்கு ஒன்று: எழவு வீட்டுக்குப் பத்திரத்தோடு வருகிறவன் யாராக இருந்தாலும், கைநாட்டு வைக்காதே.