அடுத்த வசனத்தையும் ஓதுங்கள்

ஜிந்துப்பிட்டியில் மஃரிப் தொழுதுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பரொருவர் கேட்டார்: "நானா, ஒரு கவிதைக்கு எத்தனை பொருள் இருக்கு?" "வாசிக்கிற ஆளைப் பொறுத்தது. பொலிஸார் வாசித்தால் ஒன்றுதான்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அஹ்னாப் ஜஸீமின் 'நவரசம்' கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. அது தீவிரவாதத்தைத் தூண்டுகிறதென்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைக் கைதுசெய்தார்கள். நூலை முழுமையாக வாசித்தவர்களோ அதில் வன்முறையை மறுக்கும் கவிதைகளையே கண்டார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிழையான ஒரு வாசிப்பின் விலை, ஓர் இளைஞனின் பத்தொன்பது மாதச் சிறை.

அந்நாட்களில் நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? நான் திறக்கவில்லை. பயம். அதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பயம் மட்டும்தானா? அந்த வாசிப்பு நமக்கு அந்நியமானதல்ல என்பதும் ஒரு காரணம். தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூலின் 'மைலாஞ்சி'யை எதிர்த்தவர்கள் யார்? 2007இல் ஒரு கட்டுரைக்காக அவரை ஊர்விலக்கம் செய்தவர்கள் யார்? பொலிஸாரல்லர், நம்மவர்களே. ஒரு வரியைப் பிடுங்கியெடு, எழுதியவனைக் கூண்டிலேற்று. இரண்டு இடத்திலும் முறை ஒன்றுதான்.

தப்ஸீர் சொல்ல அரபு இலக்கணம் வேண்டும், வசனம் இறங்கிய சூழல் தெரியவேண்டும், முன்பின் வசனங்களோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறார்கள் உலமாக்கள். மறுப்பில்லை. சூரா மாஊனை நான்காம் வசனத்தோடு நிறுத்தினால் தொழுகையாளிகள் எல்லோருக்கும் கேடு என்றாகிவிடும். எந்தத் தொழுகையாளி என்பதை ஐந்தாம் வசனமல்லவா சொல்கிறது! இதை மத்ரஸாப் பிள்ளையும் அறியும். அப்படியானால், கவிதையின் இலக்கணமோ சூழலோ அறியாமல், அடுத்த வரியையும் பாராமல் அதற்குத் தீர்ப்பு வழங்க உங்களுக்கு என்ன தகைமை?

"வேதமும் கவிதையும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. ஆனால் வாசிப்பவனின் அமானிதம் ஒன்றுதான். இமாம் தபரி ஒரு வசனத்துக்கு முன்னோர் சொன்ன பல கருத்துகளையும் நிரைப்படுத்திவிட்டே தன் கருத்தைச் சொன்னார். மாற்றுப் பொருளுக்கு அவர் கொடுத்த இடத்தில் கால்வாசியையாவது நம் கவிஞர்களுக்குக் கொடுங்கள்.

இல்லாவிட்டால், நாளை இன்னொரு கவிஞனைத் தேடி ஜீப் வரும்போது அதைக் கண்டிக்கும் தகுதி நமக்கிராது.