கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

பிளட் டெஸ்ட் நார்மல். எக்ஸ்-ரே நார்மல். உடம்பு மட்டும் நார்மலா இல்ல! கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால்னு மாசக்கணக்கா வலி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அசதி. பனியன் கம்பெனியில தைக்கிற நம்ம அம்மாவோ அக்காவோ இப்படிச் சொன்னா, "மெஷின்ல உட்கார்ந்த அலுப்பு, தைலம் தேய்ங்க"ன்னு முடிச்சிடறோம். பல சமயம் அது அலுப்புதான். சில சமயம் அதுக்குப் பேரே வேற... ஃபைப்ரோமயால்ஜியா!

ஸ்கேன்ல சிக்காத வியாதி இது. நோயாளி சொல்றதுதான் சாட்சி. 1990-ல அமெரிக்க வாதநோய் டாக்டர்கள் அமைப்பு இதை அடையாளம் காண விதிகள் வகுத்துச்சு. அதுக்காக 16 மையங்கள்ல 558 பேர் ஆராய்ச்சிக்கு வந்தாங்க. 293 பேருக்கு இந்த வியாதி. ஒப்பிட்டுப் பார்க்க, வேற வலிகள் உள்ள 265 பேர். உடம்பு முழுக்கப் பரவின வலியோட, குறிப்பிட்ட 18 இடங்களை அழுத்தினா 11-லயாவது வலிக்கணும்ங்கிறது அன்னிக்குக் கணக்கு. 2010-ல அழுத்திப் பார்க்கிறதையே கட்டாயம் இல்லாம ஆக்கிட்டாங்க. எங்கெங்க வலி, தூக்கம் எப்படி, ஞாபகம் எப்படின்னு கேட்டாலே போதும்! 2007-ல பிரிகாபலின் மாத்திரைக்கு அமெரிக்கா ஓகே சொன்னதும் நோயாளிகள் கலந்துக்கிட்ட சோதனைகளை வச்சுதான்.

ஆக, ஆராய்ச்சிக்கு ஆள் வேணும். ஆனா, "டாக்டர் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன்" கதை மட்டும் வேண்டாம். 2009-ல அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்துல, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றின ஆய்வுக்குப் பல மாணவிகளின் பெற்றோருக்குப் பதிலா ஹாஸ்டல் வார்டன்களே கையெழுத்துப் போட்டாங்க. 2013-ல பார்லிமென்ட் குழு அதைக் கடுமையா கண்டிச்சது. பிரச்னை ஊசியில இல்ல, சம்மதம் வாங்கின விதத்துல!

அம்மாகிட்ட யாராவது ஃபார்ம் நீட்டினா, பக்கத்துல உட்கார்ந்து இதைக் கேளுங்க:

* எனக்குப் புரியற பாஷையில விவரம் இருக்கா? படிக்கத் தெரியாதவங்கன்னா, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும்.

* நிஜ மாத்திரையா, டம்மி மாத்திரையா? எது கிடைக்கும்னு முன்கூட்டியே தெரியாத சோதனைகள் நிறைய.

* இப்போ சாப்பிடற மருந்தை நிறுத்தணுமா? சில சோதனைகள்ல நிறுத்தச் சொல்வாங்க. அந்த நாள்ல வலி கூடினா ஷிஃப்ட் போச்சு, பீஸ் ரேட் கூலியும் போச்சு!

* தூக்கம், தலைசுத்தல் வருமா? பிரிகாபலினுக்கு ரெண்டும் சகஜம். ஓவர்லாக், கட்டிங் மெஷின் முன்னாடி நிற்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

* ஏதாவது ஆயிடுச்சுன்னா? புது மருந்து சோதனைகளுக்கான 2019 விதிப்படி, சோதனையில பாதிப்பு வந்தா சிகிச்சை இலவசம். பாதிப்புக்கு சோதனைதான் காரணம்னு உறுதியானா நஷ்டஈடும் உண்டு.

இன்னும் ரெண்டு விஷயம். நடுவுல எப்போ வேணும்னாலும் விலகலாம். அதுக்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. கையெழுத்தான ஃபார்ம்ல ஒரு காப்பி உங்களுக்குச் சொந்தம். அதுல நெறிமுறைக் குழுவோட தொடர்பு விவரம் இருக்கான்னு பாருங்க. 2007-ல ஆரம்பிச்ச சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டுல இந்தியாவுல நடக்கிற மருந்து சோதனைகளை இலவசமா தேடிப் பார்க்கலாம். பதிவு நம்பர் கேட்டா முழிக்கிறாங்களா? எழுந்து வந்துடுங்க!

நர்சிங், ஃபார்மசி, சோஷியல் வொர்க் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ்... ப்ராஜெக்ட்டுக்காக நாளைக்கு அதே ஃபார்மை நீட்டப்போறது நீங்கதான். ஷிஃப்ட் விடற நேரத்துல, பஸ்ஸுக்கு ஓடறவங்களை மறிச்சு "இங்க ஒரு சைன் போடுங்கக்கா"ன்னு கேட்காதீங்க. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே"ன்னு எல்லாரும் கைவிரிச்ச வலியை, முதல் தடவையா ஒருத்தர் காது கொடுத்துக் கேட்க வந்திருக்கீங்க. நின்னு, நிதானமா கேளுங்க!