துணிமுதலுக்குத் தமிழ் தெரியாதா?

புதுத்தொழில் தொடங்குவார்க்குப் பெருந்தொகை தந்து பங்கு பெறுவதைத் 'துணிகர முதலீடு' என்கின்றனர். நாம் துணிமுதல் என்போம். அத் துணிவு எத்தகையது?

துணிமுதலர் பிறர் பணத்தைத் திரட்டி, ஏறத்தாழப் பத்தாண்டு வரம்பில், பல தொழில்களில் இடுவர். அவற்றுட் பல அழியும். ஒன்றிரண்டே பன்மடங்காய்ப் பெருகி எல்லா இழப்பையும் ஈடுசெய்தல் வேண்டும். ஆகவே, 'இத்தொழில் நன்கு நடக்குமா?' என்பதோடு அவர் நில்லார். 'நூறு மடங்காகுமா? சந்தை எவ்வளவு பெரிது? பங்கை எப்போது விற்று வெளியேறலாம்? தொடங்குவோர் யாவர்?' என்றே வினவுவர். கணக்கு அது, அதிற் குற்றமில்லை.

குற்றம் அவ் இறுதி வினாவில் இருக்கின்றது! இளந்தொழிலுக்குக் காட்டக் கணக்கேடு இராது. எனவே ஆளைப் பார்த்தே முடிவெடுப்பர். ஆளை எதனால் அளக்கின்றனர்? பயின்ற கல்லூரியால்; அறிமுகஞ் செய்வோரால்; நாவிற் புரளும் ஆங்கிலத்தால்!

வேப்பம்பட்டில் என்பால் தமிழ் பயின்றவன் ஒருவன். அம்பத்தூர்ப் பட்டறையொன்றில் பத்தாண்டு உழைத்தவன். உழவர்தம் நீரேற்றி எரியாமற் காக்கும் கருவியொன்று செய்தான். முதலீட்டாளர் குழுவொன்றன்முன் சென்றான். ஆங்கிலத்தில் பத்து மணித்துளி பேசச் சொன்னார்கள், தடுமாறினான். கருவியை எவரும் தொட்டும் பார்த்திலர். அங்கிருந்தோர் பலரும் தமிழரே! வெட்கம்!

'ஆங்கிலமின்றி உலகச் சந்தையா?' என்பீர். அயல்நாட்டில் விற்க ஆங்கிலம் வேண்டலாம். கருவியை ஆய்ந்தறிய ஏன்? பருமாவிலும் மலையாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் தமிழிலேயே கணக்கெழுதினர். 2010இல் சென்னையில் தோன்றிய பிரெசுவொர்க்சு துணிமுதலால் வளர்ந்து, 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஏறியது. மெய்தான். ஆயின், 1996இல் தொடங்கிய சோகோ துணிமுதல் பெறாமலே உலகெங்கும் விற்கின்றது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்துகின்றது. கல்லூரி காணா இளைஞரையும் தானே பயிற்றிப் பணியமர்த்துகின்றது. கல்லூரிப் பெயரால் ஆளை அளத்தல் பிழை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தமிழ்நாட்டரசின் புத்தொழில் இயக்கம் தொடக்கநிலை நல்கை வழங்குகின்றது. அது மக்கள் பணம். அதனை வேண்டுவார் தமிழில் எழுதவும், தமிழில் விளக்கவும், தமிழில் வினவப்பெறவும் உள்ள உரிமை எழுத்தில் உறுதிசெய்யப்பெறல் வேண்டும். தமிழ் முதலீட்டாளரும் அந்நெறி பின்பற்றுக!

இளைஞனே, நாணாதே! தமிழில் எண்ணிச் செய்த கருவியைத் தமிழிலேயே விளக்கு. கேட்கும் கடன் அவர்களுடையது.