சொல் நின்றது, பொருள் சென்றது

பூமிசாத்திர வகுப்பில் இங்கிலாந்தின் படத்தை விரித்து வைத்துப் பாடங்கேட்ட நாட்களில், அதன் தென்மேற்கு மூலையிற் கால்போல நீண்டு கடலுட் செல்லும் கோர்ன்வாலைப்பற்றி நாம் அறிந்தது ஒன்றே: அங்கே வெள்ளீயம் எடுக்கப்பட்டது. அந்நிலத்துக்கெனத் தனிமொழி ஒன்று உண்டென்பதை நாம் அறியோம். அது ஆங்கிலத்தின் கிளையன்று. ஆங்கிலம் பிரித்தானியாவிற் காலூன்று முன்னரே ஆங்கு வழங்கிய கெல்த்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேல்சு மொழியும் பிரான்சின் வடமேற்கில் வழங்கும் பிரெத்தன் மொழியும் அதன் உடன்பிறப்புக்கள்.

அம்மொழியின் வரலாற்றைக் கற்றபின் என் மனத்தில் ஒரு கருத்து உறுதிப்பட்டது. மொழி அழியுங்காற் சொற்கள் முதலில் அழிவதில்லை. பொருளே முதலில் அழிகின்றது. பொருளைக் காப்பது ஏடன்று, பேசுவோர் வாயே.

ஊர்ப்பெயர்களை நோக்குக. 'ட்ரெ' என்பது குடியிருப்பு. 'பொல்' என்பது குளம். 'பென்' என்பது தலை அல்லது முனை. கோர்ன்வாலில் எண்ணிறந்த ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும் இவற்றையே முதலாகக் கொண்டவை. பென்சான்ஸ் என்னும் பட்டினத்தின் பெயர் 'புனித முனை' எனப் பொருள்படும். பழைய சுரங்கங்களின் பெயர்கள் 'வீல்' என்று தொடங்கும். ஆங்கிலங் கற்றோன் அதனைச் சக்கரம் என மயங்குவான். கோர்னிய மொழியில் அது வேலைத்தலத்தை, அதாவது சுரங்கத்தைக் குறிக்கும்.

இன்னும் வேடிக்கையானது அந்நாட்டின் மிகவுயர்ந்த குன்றின் பெயர். 420 மீற்றர் உயர்ந்த அதனைப் படங்கள் 'பிரவுண் வில்லி' என்கின்றன. கபிலநிறத்து வில்லி யாரோ என ஆங்கிலேயர் நகைப்பர். 'பிரொன் வெனிலி' என்பதே அதன் மூலம். 'தகைவிலான் குருவிகளின் குன்று' என்பது பொருள். குருவிகள் பறந்துபோயின, வில்லி வந்து குடிபுகுந்தான்.

பொருள் அகன்ற இடத்திற் பொய்க்கதை வந்து புகுதலும் உண்டு. பென்சான்சின் பெருந்தெருவுக்கு 'மார்க்கெட் ஜூ தெரு' என்று பெயர். அதனாற் பண்டு யூதர் அங்கு வாழ்ந்து வெள்ளீய வாணிகஞ் செய்தனர் என்று கதை பரவிற்று. இருக்கு வேதத்தைப் பதிப்பித்தமையால் நம்மவர்க்கு நன்கறிமுகமான மாக்ஸ் முல்லர், கோர்ன்வாலில் யூதர் உண்டோ என வினாவி ஒரு கட்டுரையே வரைந்தார். அப்பெயர் சந்தையைக் குறிக்குங் கோர்னியச் சொல்லின் திரிபேயன்றி யூதரைக் குறிப்பதன்று என நிறுவினார். 'வியாழச் சந்தை' எனப் பொருள்படும் 'மர்ஹஸ் யோ' என்பதே அதன் மூலமென இன்று கொள்வர். சந்தைக்குப் போய்வந்தோரின் பேரர்களே அதன் பொருளை அறியாராயினர்.

இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது? அரசின் வன்மை ஒரு காரணம். 1549இல் ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமாக்கப்பட்டபோது, தம்மிற் சிலர் ஆங்கிலம் அறியார் என முறையிட்டுக் கோர்ன்வாலார் கிளர்ந்தெழுந்தனர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வேல்சு மொழியில் 1588இல் விவிலியம் முழுவதும் அச்சேறிற்று. கோர்னிய மொழியிலோ அது 2011இலேயே முழுமையாக வெளிவந்தது. கோயிலிற் கேளாத மொழி, காலப்போக்கில் வீட்டிலுங் கேளாதாயிற்று.

ஆயினும் வாளை மட்டும் பழித்தல் முறையாகாது. 1768இல் டெயின்ஸ் பாரிங்ற்றன் என்னும் அறிஞர் மௌசல் என்னும் மீன்பிடி ஊரில் டொலி பென்றீத் என்ற மூதாட்டியைக் கண்டார். இம்மொழி பேசுவார் எவரும் இலர் என்ற பேச்சைக் கேட்டுச் சினந்த அம்மூதாட்டி, அதே மொழியிற் சில நிமிடம் வைதுதீர்த்தார். அயலில் நின்ற இரு பெண்கள் நகைத்தனர். வசவு அவர்களுக்கு விளங்கிற்று. ஆனால், தாம் அதனைச் சரளமாகப் பேசமாட்டோம் என்றனர். அவர்கள் டொலியினும் பத்துப் பன்னிரண்டு வயதே இளையர். டொலி 1777இல் இறந்தார். அவரே கடைசியாகப் பேசியவர் என்பர் பலர். அவருக்குப் பின்னும் சிலர் இருந்தனர். என் மனத்தை வருத்துவது டொலியின் மரணமன்று, அயற்பெண்களின் நகைப்பே. மொழி இறந்தது அந்நகைப்பிலேயாம்.

1904இல் ஹென்றி ஜென்னர் இலக்கணக் கைந்நூல் எழுதி மொழிக்கு மீளவும் உயிரூட்டத் தொடங்கினார். அதன்பின் மோற்றன் நான்ஸ் பழைய நாடக ஏடுகளிலிருந்து சொற்களைத் திரட்டினார். எழுத்துமுறைபற்றி ஆர்வலர் பலகாலம் பிணங்கினர். 2008இலேயே ஒரு பொதுமுறைக்கு உடன்பட்டனர். 2002இல் பிரித்தானிய அரசு இம்மொழியை ஏற்றது. அழிந்தது எனக் குறித்திருந்த யுனெஸ்கோவும் 2010இல் அக்குறிப்பை மாற்றிற்று. எனினும், 2011ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் இதனைத் தம் முதன்மொழி என்றோர் 557 பேரே.

ஒரு சிலர்க்காக இத்துணை முயற்சி வேண்டுமோ, ஏட்டிலிருந்து எடுத்த மொழி செயற்கையன்றோ என்பர் சிலர். தாய் மடியிற் கேட்டதற்கு ஏட்டிற் கற்றது முற்றும் ஈடாகாது என்பதை யானும் மறுக்கேன். ஆயினும், தன் ஊர்ப்பெயரின் பொருளை ஒரு சிறுவன் மீளவும் அறிவானாயின் அம்முயற்சி வீணன்று. பேணுதற்கு ஒரு தலைமுறையின் நா போதும். மீட்டற்கு நூறாண்டு உழைப்பும் போதவில்லை. கோர்ன்வால் நமக்குக் கற்பிக்கும் கணக்கு இதுவே.

'கேட்டால் விளங்கும், பேச வராது' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது நாமும் நகைத்து விடுகின்றோம். மௌசலின் பெண்களும் அவ்வாறே நகைத்தனர்.